மைனஸ் இருபத்தொன்று

பால்கண்ணாடி மேசைக்கு அடியில் விளக்கு எரியும்.
அதன்மேல் காட் மீனின் துண்டம் வந்து படுக்கும்.
மேலிருந்து பார்த்தால் வெள்ளை, சுத்தம்.
கீழிருந்து ஒளி ஏறும்போதுதான்
தசைக்குள் சுருண்டு கிடக்கும் புழு
காற்புள்ளி போலத் தெரியும்.
கத்தி நுனியால் தோண்டிப் போடுவேன்.
நிமிடத்துக்கு ஆறு துண்டம், பத்தொன்பது வருடம்.
ஒட்னியின் கண்ணைத் தாண்டி ஒரு புழுவும்
போட்ஸ்ஃபியோர்டை விட்டுக் கப்பல் ஏறியதில்லை என்பார்கள்.
நானும் மறுத்ததில்லை.

செவ்வாய் மாலைகளில்
வலைக்கிடங்கின் மாடியில் ஐந்து பேர் வேதம் வாசிக்கிறோம்.
நவம்பர் கடைசியில் போன சூரியன்
ஜனவரி பாதி தாண்டித்தான் திரும்பும்.
பாஸ்டர் வருவது மாதத்துக்கு ஒருமுறை,
அதுவும் மலைச்சாலை திறந்திருந்தால்.
அர்ன்ஃபின் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்;
வசனத்தையும் கொக்கியில் மாட்டித் தூக்கி
நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் இறக்குவார்.
டைவா லிதுவேனியாக்காரி.
தன் மொழிப் பிரதியை மடியில் வைத்து
எங்களுக்கு அரை வரி பின்னால் உதடசைப்பாள்.

மூன்று வாரமாக ஒரே வாக்கியம்.
சிறையிலிருந்து ஒருவர் எழுதிய கடிதத்தில்,
அன்பு பெருக வேண்டும், அறிவும் கூடவே வளர வேண்டும்
என்று வேண்டிக்கொள்ளும் இடம்.
"அன்புக்கு எதற்கு அறிவு?
கண்ணை மூடிக்கொள்வதுதான் அன்பு என்றிருந்தேன்"
என்றார் அர்ன்ஃபின்.
யாரும் வாய் திறக்கவில்லை. காபி ஆறியது.
என் பிரதியில் பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு:
'சிறந்தவை' என்று மேலே இருப்பதை
'வேறுபடுகிறவை' என்றும் வாசிக்கலாமாம்.

வேறுபாடு பார்க்க எனக்கா பாடம்?
வீடு திரும்பும் வழியெல்லாம் இதே நினைப்பு.
காலடியில் பனி கல்லுப்பாய் நொறுங்கியது.

புதன் காலை. குளிர்கிடங்கின் பதிவுத்தாள்.
எட்டு மணி, பன்னிரண்டு, நான்கு.
மூன்று கட்டம், மூன்று கையெழுத்து.
வெப்பமானி இருப்பது கிடங்கின் கடைசிச் சுவரில்,
கனத்த கதவுக்கு அப்பால் நாற்பது தப்படி.
வாசலில் நின்றபடியே
மைனஸ் இருபத்தொன்று என்று எழுதிவிடுவது என் வழக்கம்.
எத்தனை வருடமாக என்று கேட்காதீர்கள்.
அன்று பேனா தாளைத் தொட்டது, எண் வரவில்லை.
அந்தச் சின்னக் கட்டத்துக்கு அடியில்
யாரோ விளக்கைப் போட்டாற்போல் இருந்தது.

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு போனேன்.
மூக்குக்குள் மயிர் உறைந்தது.
சுவரில் சிவப்பு எண்:
மைனஸ் இருபத்தொன்று.

முதலில் சிரிப்புதான் வந்தது.
பிறகு மீன்பெட்டிகளுக்கு நடுவே
விரல் மரக்கும்வரை நின்றேன்.
எண் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.
பார்த்தேன் என்று அதன் பக்கத்தில் போட்ட
என் பெயர்தான் சுருண்டு கிடந்தது,
வெள்ளைத் தாளில், இத்தனை காலமும்.

அடுத்த செவ்வாய் சொன்னேன்.
பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று
கோப்பையைக் கீழே வைத்தவர்கள்
"அவ்வளவுதானா?" என்றார்கள்.
டைவா மட்டும் நிமிரவில்லை.
"தினமும் போனில் மகன் கேட்கிறான்.
நன்றாக இருக்கிறேன் என்கிறேன்,
உள்ளே போய்ப் பார்க்காமலே" என்றாள்.
அர்ன்ஃபின் தூக்கிய வசனத்தை
அன்று எங்கும் இறக்கவில்லை.

இப்போது நாளுக்கு மூன்று முறை நடக்கிறேன்.
முழங்காலுக்கு நல்லது என்கிறான் மேற்பார்வையாளன்.
பரிசுத்தவாட்டி ஆகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.
போன வெள்ளி மாலை கப்பல் காத்திருந்தது,
கை பழைய கையாகிவிட்டது:
மைனஸ் இருபத்தொன்று.
எழுதிய பிறகுதான் உறைத்தது.
கோடு கிழித்து அடித்தேன்.
கதவைத் தள்ளினேன்.
மைனஸ் இருபது.

அடித்த எண்ணுக்குப் பக்கத்தில் நெருக்கி எழுதினேன்.
தாள் அசிங்கமாக இருந்தது.
கையெழுத்துப் போட்டேன்.